முதலில் வாங்க வேண்டியது முகக்கண்ணாடி

அந்தமானுக்குப் போய்க் கடலடியில் மூழ்கிப் பார்த்துவிட்டு வந்தேன் என்று விடுதியில் ஒருவரிடம் சொன்னது தப்பாய்ப் போயிற்று. அன்று முதல் என் அறைக் கதவு தட்டப்படாத மாலை குறைவு. வருகிறவர்கள் கடலைப் பற்றிக் கேட்பதில்லை. பவளப் பாறையைப் பற்றியும் கேட்பதில்லை. "என்னென்ன சாமான் வாங்க வேண்டும்? எவ்வளவு ஆகும்?" என்றுதான் கேட்கிறார்கள். தில்லியிலிருந்து கடல் எந்தத் திசையில் இருக்கிறது என்று நிச்சயமாகத் தெரியாத நண்பர் ஒருவர், கடையில் விலை விசாரித்துவிட்டே வந்திருந்தார். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்லி அலுத்திருந்த வேளையில் மலர் ஆசிரியர் கட்டுரை கேட்டார். இதையே எழுதித் தர ஒப்புக்கொண்டேன்.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். வாங்கக் கூடாததை வாங்கிக் கைப்பணத்தை இழந்தவன் என்ற தகுதி உண்டு. ஸ்கூபா பயிற்சிக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே, பழைய ரெகுலேட்டர் ஒன்று விலைக்கு வருகிறது என்று கேள்விப்பட்டு ஓடினேன். ரெகுலேட்டர் என்பது காற்று உருளையில் பொருத்தி வாயில் கவ்விக்கொள்ளும் மூச்சுக் கருவி. வெள்ளி போலப் பளபளத்தது. ரூ. 14,000 கொடுத்தேன். விற்றவர் மனம் மகிழ்ந்து ஒரு முகக்கண்ணாடியையும் இனாமாகக் கொடுத்தார். இரண்டையும் பெட்டியில் வைத்து, 2018-இல் சுவராஜ் தீவு என்று பெயர் மாற்றப்பட்ட ஹாவ்லக் தீவு வரை சுமந்து சென்றேன்.

அங்கே எனக்குக் கற்பித்தவர் நம் தமிழர். அந்தமானிலேயே பிறந்து வளர்ந்தவர். ரெகுலேட்டரைக் கையில் வாங்கினார். காற்று நுழையும் வாயில் சிறிய உலோக வடிகட்டி ஒன்று இருக்கிறது. அதை என்னிடம் காட்டினார். பச்சை பூத்திருந்தது. "தம்பி, உப்புத்தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. இதை நான் தண்ணீருக்குள் கொண்டுபோக விடமாட்டேன்" என்றார். பழுது பார்க்க முடியாதா என்று கேட்டேன். அந்த மாதிரிக்கு உதிரிப் பாகம் கிடைப்பதில்லை என்றார். ரூ. 14,000 அரை நிமிடத்தில் கரைந்தது. பிறகு முகக்கண்ணாடியைப் பார்த்து, "இதுவும் உங்கள் முகத்துக்குச் சரியாக வராது போலிருக்கிறது" என்றார். எனக்கோ ரோஷம் வந்துவிட்டது. "அண்ணா, இதையாவது போட்டுக்கொள்கிறேனே" என்று பிடிவாதம் செய்தேன். அதன் பலனைப் பின்னால் சொல்கிறேன்.

எந்தச் சாமான் எதற்கு என்பது விளங்கினால், எதை வாங்கலாம், எதை வாடகைக்கு எடுக்கலாம் என்பதும் விளங்கிவிடும். கடலில் மூழ்குவது என்றதும் தமிழர்களாகிய நமக்கு முத்துக்குளிப்பே நினைவுக்கு வரும். மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தவர் மேலே ஒரு மூச்சு இழுத்துக்கொள்வார். கல்லின் பாரத்தால் அடியில் இறங்குவார். அதே மூச்சோடு மேலே வருவார். கடல் மட்டத்தில் காற்றின் அழுத்தம் ஒரு பங்கு என்றால், ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் இன்னொரு பங்கு கூடும். ஆகவே அவர் இழுத்துச் சென்ற 6 லிட்டர் காற்று, 10 மீட்டர் ஆழத்தில் 3 லிட்டராகச் சுருங்கும். மேலே வந்ததும் பழையபடி 6 லிட்டராகும். அவர் நெஞ்சுக்கு அதனால் தீங்கில்லை.

ஸ்கூபா கட்டிக்கொண்டு இறங்குகிறவன் நிலை வேறு. அவன் 10 மீட்டர் ஆழத்திலேயே, அந்த ஆழத்தின் அழுத்தத்தில், புதிய காற்றை இழுக்கிறான். அங்கே நெஞ்சு நிறைய 6 லிட்டர் இழுத்து, மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் அது 12 லிட்டராக விரிய முயலும். நுரையீரலில் அதற்கு இடம் ஏது? கிழிந்துபோகும், காற்றுக் குமிழ் இரத்தத்தில் புகுந்து மூளைக்கும் போகலாம். முத்துக்குளிப்பவருக்கு மூச்சடக்குவது தொழில். நமக்கு அதுவே எமன். ஸ்கூபாவின் முதல் விதியும் கடைசி விதியும் ஒன்றே: மூச்சை நிறுத்தாதே.

ஆழத்துக்கு ஏற்ற அழுத்தத்தில், கேட்கும்போது மட்டும் காற்றைக் கொடுப்பதே ரெகுலேட்டரின் வேலை. 1943-இல் பிரான்சில் கடற்படை அதிகாரி ழாக் கூஸ்தோவும் பொறியாளர் எமீல் கான்யானும் சேர்ந்து இதை உருவாக்கினார்கள். போர்க்காலப் பெட்ரோல் பஞ்சத்தில் மோட்டார் வண்டிகளை வேறு வாயுவில் ஓட்டுவதற்காகக் கான்யான் அமைத்திருந்த வால்வுதான் இதற்கு மூலம். இன்றைய ரெகுலேட்டருக்கு இரண்டு கட்டங்கள். உருளையின் தலையில் பூட்டிய முதற்கட்டம் 200 பார் அழுத்தத்தைச் சுற்றியுள்ள நீரின் அழுத்தத்தைவிட 10 பார் அளவு மட்டும் கூடுதலாக இருக்கும்படி குறைக்கும். வாயிலுள்ள இரண்டாம் கட்டம், நாம் இழுக்கும்போது திறந்து, விட்டதும் மூடும். இவ்வளவு நுட்பமான வேலையைச் செய்யும் கருவிக்குள் உப்பும் துருவும் புகுந்தால் என்ன ஆகும் என்பதை நான் யோசித்துப் பார்க்காமலே வாங்கிவிட்டேன்.

இடையில் ஒன்று. நம் பத்திரிகைகள் இந்த உருளையை 'ஆக்ஸிஜன் சிலிண்டர்' என்றே எழுதுகின்றன. அதில் இருப்பது வடிகட்டி, ஈரம் நீக்கி, அழுத்தி அடைத்த சாதாரணக் காற்று. வெறும் ஆக்ஸிஜனைச் சுவாசித்துக்கொண்டு 6 மீட்டருக்குக் கீழே போனால் அதுவே நஞ்சாகி வலிப்பு வரும். பாலூட்டும் கையே நஞ்சூட்டும் கதைதான்.

இனிச் சாமான்களுக்கு வருவோம். நான் முதலில் வாங்கச் சொல்வது முகக்கண்ணாடி. மாஸ்க் என்றால்தான் கடைக்காரருக்குப் புரியும். தண்ணீருக்குள் கண்ணைத் திறந்தால் எல்லாம் மங்கலாகத் தெரியும். கண்ணுக்கு முன்னே சிறிது காற்று நின்றால்தான் பார்வை தெளியும். அதற்கு நீச்சல் கண்ணாடியே போதாதா என்று கேட்பவர் உண்டு. போதாது. ஆழத்தில் கண்ணாடிக்குள் உள்ள காற்று சுருங்கும். கண்ணையும் முகத்தையும் இழுத்துப் பிடிக்கும். மூக்கும் உள்ளே இருந்தால், மூக்கால் சிறிது காற்றை ஊதி அந்த இழுப்பைச் சரிசெய்யலாம். நீச்சல் கண்ணாடியில் மூக்கு வெளியே இருப்பதால் அதற்கு வழியில்லை. முகம் முழுவதையும் மூடி நீர்ப்பரப்பில் மிதந்தபடி பார்ப்பதற்கென்று விற்கிறார்களே, அந்தக் கூடுகளும் ஸ்கூபாவுக்கு உதவமாட்டா.

பொருத்தம் பார்க்கும் முறை எளிது, காசும் கேட்பதில்லை. வாரைப் பின்னால் மாட்டாமல் முன்பக்கம் தள்ளிவிட்டு, மாஸ்க்கை முகத்தில் மெல்ல வையுங்கள். நெற்றி மயிர் உள்ளே சிக்கக் கூடாது. மூக்கால் சிறிது காற்றை உள்ளே இழுத்து, மூச்சை அப்படியே நிறுத்திக் கையை எடுத்துவிடுங்கள். (கடைக்குள் மூச்சை நிறுத்தலாம்.) மாஸ்க் முகத்தில் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். தலையைக் குனிந்தாலும் ஆட்டினாலும் விழக் கூடாது. எங்கேனும் சீறும் ஒலி கேட்டால் அந்த இடத்தில்தான் நாளை தண்ணீர் வரும். பிறகு ரெகுலேட்டரின் வாய்ப்பகுதி ஒன்றைக் கடித்துக்கொண்டு மீண்டும் சோதியுங்கள். வாயில் ஒன்றைக் கவ்வினால் கன்னத்தின் வடிவமே மாறிவிடும். கடையில் பொருந்தியது கடலில் ஒழுகுவதற்கு இது ஒரு காரணம். வெளியிலிருந்து இரு விரலால் மூக்கைப் பிடிக்க முடிகிறதா என்றும் பாருங்கள். இறங்கும்போது காதடைப்பை நீக்க அது வேண்டும்.

மீசை வைத்த நண்பர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. மூக்குக்குக் கீழே மாஸ்க்கின் விளிம்பு படியும் இடத்தில் மயிர் இருந்தால் தண்ணீர் கசியத்தான் செய்யும். மேல் ஓரத்தை ஒரு கோடு அளவுக்கு மழித்துக்கொண்டால் பெரும்பாலும் போதும். மீசையை முழுவதும் தியாகம் செய்ய வேண்டுவதில்லை.

விளிம்பு சிலிக்கானாக இருக்க வேண்டும். மலிவான பிளாஸ்டிக் விளிம்பு விறைத்து நிற்கும். கண்ணாடி, உடைந்தாலும் கூர்மையாகச் சிதறாத டெம்பர்ட் கண்ணாடியாக இருக்க வேண்டும். உள்ளிடம் சிறியதாக இருந்தால், தண்ணீர் புகுந்துவிட்டபோது ஊதி வெளியேற்றுவது எளிது. நிறத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. நம்மில் பாதிப்பேர் மூக்குக்கண்ணாடி போட்டவர்கள். அதன் காம்பு விளிம்பைத் தூக்கிவிடும் என்பதால் மாஸ்க்குக்குள் போட முடியாது. கண்ணுக்கேற்ற ஆடியைப் பொருத்தக்கூடிய மாஸ்க்குகள் உண்டு. கிட்டப்பார்வைக்கு அரை அரை எண்ணாக ஆயத்த ஆடிகள் கிடைக்கின்றன. தண்ணீருக்குள் பொருள்கள் மூன்றில் ஒரு பங்கு பெரியனவாகவும், நாலில் ஒரு பங்கு கிட்டத்திலும் தோன்றுவதால், சரியான எண்ணுக்குச் சற்றுக் குறைந்தாலும் பாதகமில்லை. மூழ்கி வந்தவர் முழ நீளம் என்று சொல்லும் மீனில் கால்வாசியை நீங்களே கழித்துக்கொள்ளுங்கள். பொய் அவருடையது அன்று, கடலுடையது.

புதுக் கண்ணாடியில் தயாரிப்பின்போது படிந்த மெல்லிய படலம் இருக்கும். பற்பசை தடவி விரலால் நன்றாகத் தேய்த்துக் கழுவினால் போகும். இல்லாவிட்டால் எத்தனை முறை துடைத்தாலும் பனி மூடும். அதன் பின்னும் ஒவ்வொரு முறை இறங்குமுன் உள்ளே எச்சில் தடவி அலசுவது வழக்கம். நாகரிகமில்லைதான், ஆனால் பலிக்கிறது.

இப்போது என் பிடிவாதத்தின் பலன். மூன்றாம் நாள், 9 மீட்டர் ஆழம். அந்த இனாம் மாஸ்க்கின் இடப்பக்கம் கசியத் தொடங்கியது. தண்ணீர் புகுந்தால் என்ன செய்வது என்று கற்பித்திருந்தார்: மேல் விளிம்பை அழுத்தி, முகத்தை நிமிர்த்தி, மூக்கால் ஊத வேண்டும். ஊதினேன், போயிற்று. மீண்டும் வந்தது. மூன்று முறை ஊதினேன். நான்காம் முறை தண்ணீர் மூக்கில் ஏறிவிட்டது. இருமல் வந்தது. படித்தது அத்தனையும் மறந்து, மேலே போனால் போதும் என்று காலை உதைத்தேன். மூச்சை அடக்கியிருந்தேன் என்பதே எனக்குத் தெரியாது. அவர் என் சட்டையை இறுகப் பிடித்துக்கொண்டார். ஒரு கையால் என் வாயிலிருந்த ரெகுலேட்டர் நழுவாமல் அழுத்தினார். தம் வாயிலிருந்து குமிழ்களை விட்டுவிட்டு, 'நீயும் விடு' என்பதுபோல் விரலால் காட்டினார். எவ்வளவு நேரம் அப்படி நின்றோம் என்று சொல்ல முடியாது. நான் மூச்சு விடத் தொடங்கிய பிறகுதான் மெல்ல மேலே அழைத்து வந்தார்.

அந்த ஆழத்திலிருந்து அடக்கிய மூச்சோடு வந்திருந்தால், என் நெஞ்சிலிருந்த காற்று ஏறக்குறைய இருமடங்காகியிருக்கும். இனாமாக வந்த ஒரு ரப்பர் விளிம்பு கொண்டுபோய் விட்டிருக்கக்கூடிய இடம் அது. படகில் ஏறியதும் அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. பெட்டியிலிருந்து ஐந்தாறு மாஸ்க்குகளை எடுத்துக் கொட்டினார். ஒவ்வொன்றாக முகத்தில் வைத்து இழுத்துப் பார்த்தேன். மூன்றாவது ஒட்டியது. பின்னர் நான் விலைக்கு வாங்கியதும் அதே மாதிரிதான்.

மாஸ்க்குக்கு அடுத்துக் காலுக்கு ஃபின்ஸ். வெப்பக் கடலில் படகிலிருந்து குதிப்பவருக்குச் செருப்புப் போல முழுப் பாதத்தையும் மூடும் வகை போதும். கரையிலிருந்து கல்லிலும் பாறையிலும் நடந்து இறங்குவதானால், தனிக் காலுறை அணிந்து அதன்மேல் மாட்டும் குதி திறந்த வகை வேண்டும். ஐந்து நிமிடம் மாட்டிக்கொண்டு உட்காருங்கள். கடிக்கவும் கூடாது, கழலவும் கூடாது. இதை அவசரப்பட்டு வாங்க வேண்டியதில்லை. விமானத்தில் பெட்டியின் நீளத்தையும் யோசிக்க வேண்டும்.

வெட்சூட் என்னும் ரப்பர் உடையை வாடகைக்கே எடுங்கள். தண்ணீர் நம் உடம்புச் சூட்டை காற்றைவிட இருபது மடங்குக்கும் மேலாக விரைந்து கவர்ந்துகொள்ளும். ஆகவே வெப்பக் கடலிலும் 3 மில்லிமீட்டர் உடை நல்லதே. இறுக்கமாக இருக்க வேண்டும். முன்பு அணிந்தவர் அதற்குள் என்ன செய்தார் என்று ஆராயாமலிருப்பது மனத்துக்கு நலம்.

மிதவைச் சட்டையையும் ரெகுலேட்டரையும் தொடக்கத்தில் வாங்கவே வேண்டாம். பி.சி.டி. என்று அழைக்கப்படும் அந்தச் சட்டையில் காற்றை ஏற்றியும் இறக்கியும் மிதப்பைச் சரிசெய்கிறோம். இரண்டும் விலை மிகுந்தவை. ரெகுலேட்டரை ஆண்டுக்கொரு முறை பிரித்துப் பழுது பார்க்க வேண்டும். அதைச் செய்பவரும் உதிரிப் பாகமும் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். ஆண்டில் நான்கு நாள் மூழ்குகிறவருக்கு இந்தச் சுமை எதற்கு?

ஆனால் வாடகைச் சாமானைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிடாதீர்கள். குழாய்களை வளைத்துப் பாருங்கள். வெடிப்பு இருக்கக் கூடாது. வாய்ப்பகுதி கிழிந்திருக்கக் கூடாது. அழுத்தமானியைப் பார்த்துக்கொண்டே நான்கைந்து மூச்சு இழுங்கள். முள் ஆடினால் உருளையின் வால்வு முழுதும் திறக்கப்படவில்லை, அல்லது வேறு கோளாறு இருக்கிறது. துணைவருக்கு மூச்சு முட்டினால் கொடுப்பதற்கென்று இரண்டாவது வாய்ப்பகுதி ஒன்று இருக்கும்; அதிலும் இழுத்துப் பாருங்கள். காற்றில் எண்ணெய் நாற்றமோ புகை நாற்றமோ வந்தால் அந்த உருளையை வேண்டாம் என்று சொல்லுங்கள். சட்டையில் காற்றை நிரப்பிச் சற்று விட்டுவையுங்கள், தளர்ந்தால் ஓட்டை. இவ்வளவுக்கும் ஐந்து நிமிடம் ஆகும். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். முத்துக்குளிப்பில் மேலே கயிறு பிடிப்பவர் மைத்துனராக இருப்பார், தமக்கையின் தாலி கீழே இருப்பதால் கவனம் பிசகமாட்டார் என்று சொல்வதுண்டு. வாடகைக்குக் கொடுப்பவர் நமக்கு மைத்துனர் அல்லர்.

உருளையை வாங்கும் எண்ணம் யாருக்கேனும் இருந்தால் விட்டுவிடுங்கள். வழக்கமான அலுமினிய உருளை காலியாகவே 14 கிலோ இருக்கும். குறித்த காலத்துக்கு ஒரு முறை அழுத்தச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். இந்த ஊரில் நிரப்புவதற்கு அலையவும் வேண்டும். ஆனால் அதன் கணக்கைத் தெரிந்துகொள்வது நல்லது. 11 லிட்டர் கொள்ளளவில் 200 பார் என்றால் 2,200 லிட்டர் காற்று. 50 பாரைக் கையிருப்பாக விட்டால் மீதி 1,650 லிட்டர். கரையில் நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுப்பவர், அழுத்தம் இருமடங்காகும் 10 மீட்டரில் 40 லிட்டரும், மும்மடங்காகும் 20 மீட்டரில் 60 லிட்டரும் செலவழிப்பார். முன்னதில் 41 நிமிடம். பின்னதில் 27 நிமிடம். பயந்தவர் இன்னும் வேகமாக இழுப்பார். என் முதல் நாள் உருளை எத்தனை நிமிடம் வந்தது என்பதை நான் இங்கே எழுதுவதாக இல்லை.

பயிற்சி முடித்து, இது நமக்குப் பிடித்திருக்கிறது என்று தெரிந்த பிறகு இரண்டாவதாக எதையேனும் வாங்குவதானால் டைவ் கம்ப்யூட்டர் வாங்கலாம். கைக்கடிகாரம் போன்றது. அழுத்தத்தில் சுவாசிக்கும்போது காற்றிலுள்ள நைட்ரஜன் உடம்பில் கரைகிறது. விரைந்து மேலேறினால், சோடாப் புட்டியைத் திறந்ததுபோல் அது குமிழாகப் பொங்கி மூட்டுகளையும் நரம்புகளையும் தாக்கும். இன்னும் எவ்வளவு நேரம் கீழே இருக்கலாம், ஏறும் வேகம் சரியா என்பதைக் கம்ப்யூட்டர் காட்டும். நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் ஏறாதிருப்பதும், 5 மீட்டரில் 3 நிமிடம் நின்று வருவதும் நல்ல வழக்கம். ஆளுக்கு ஒன்று வேண்டும். நண்பருடையதைப் பார்த்துக்கொள்ளலாம் என்பது உதவாது. அவர் 12 மீட்டரில் இருந்தபோது நீங்கள் 15 மீட்டரில் இருந்திருக்கலாம்.

பயணச்சீட்டுக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. விமானத்துக்குள் காற்றழுத்தம் தரையைவிடக் குறைவு. பல நாள் மூழ்கியவர் கடைசியாக மேலே வந்தபின் 18 மணி நேரமாவது கழிந்தே விமானம் ஏற வேண்டும். காலையில் மூழ்கிவிட்டு, மாலையில் போர்ட் பிளேரிலிருந்து—2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்—புறப்பட்டு, மறுநாள் தேர்வு எழுதத் திட்டமிட்டிருந்த நண்பரை நான் தடுத்து நிறுத்தியது இதனால்தான். அவர் மலிவான சீட்டு என்று முன்னதாகவே வாங்கியிருந்தார். மாற்றுவதற்குக் கொடுத்த பணம் ஒரு நல்ல மாஸ்க்கின் விலை.

ஒரே ஒரு முறை ஆசிரியர் கையைப் பிடித்துக்கொண்டு மூழ்கிப் பார்க்க விரும்புவோர் எதையும் வாங்க வேண்டாம். சான்றிதழ்ப் பயிற்சி பெறுவோர் குளத்துப் பாடத்தை இங்கேயே முடித்துக்கொண்டு, கடற்பாடத்துக்கு அந்தமானோ, முருடேசுவரத்துக்கு எதிரிலுள்ள நேத்ராணித் தீவோ, புதுச்சேரியோ போகலாம். முதல் சான்றிதழோடு 18 மீட்டர் வரை இறங்கலாம். அதற்கு முன் உடல்நலப் படிவம் ஒன்று தருவார்கள். ஆஸ்துமா, காது நோய் முதலியவற்றை மறைக்காமல் எழுதுங்கள். சளி பிடித்திருந்தால் அன்று இறங்க வேண்டாம்; காது அடைத்துக்கொள்ளும்.

என் பளபளக்கும் ரெகுலேட்டர் மேசைமேல் தாள் பறக்காமலிருக்கப் பாரம் வைக்கப் பயன்படுகிறது. இனாம் மாஸ்க்கைக் குப்பையில் போட்டுவிட்டேன், வேறு யாரும் போட்டுக்கொள்ளக் கூடாது என்பதற்காக. நல்ல மாஸ்க் அலமாரியில் இருக்கிறது; இரு கண்ணுக்கும் மூன்றரை எண் ஆடி. விடுமுறைக்குக் கடல் பக்கம் போகிறவர்கள் கேட்டால் தருகிறேன். ஆனால் என் எதிரில் உட்கார்ந்து, வாரை மாட்டாமல், மூக்கால் இழுத்துக் காட்டிய பிறகே கொண்டுபோகலாம்.